தான்சா ஆற்றின் இரு நீர்கள்: மும்பைக்கு அருகே ஒரு வெந்நீரூற்றின் வரலாறு

காலையில் வழிகாட்டியுடன் மலையேற்றம், மாலையில் வெந்நீரூற்றுக் குளியல், இரவுக்குள் வீடு திரும்புதல்: ஜப்பானுக்குச் செல்லும் பயணிகளிடையே இன்று பெரிதும் விரும்பப்படும் ஒருநாள் பயணம் இது. தோக்கியோவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மேற்கே, 599 மீட்டர் உயரமுள்ள தக்காவோ மலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அம்மலையடிவார இரயில் நிலையத்தை ஒட்டியே 2015-இல் ஒரு வெந்நீர்க் குளியலகம் திறக்கப்பட்டது. மலையும் நீரும் ஒரே பகலில் அடங்கும் இந்த ஏற்பாட்டை ஜப்பானுக்கே உரியதென நம்மவர் பலர் எண்ணுகின்றனர்.

மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களில் வாழும் தமிழர்க்கு இத்தகைய பயணம் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. மும்பையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வடக்கே, தான்சா ஆற்றின் கரையில், வஜ்ரேஸ்வரி, அக்லோலி, கணேஷ்புரி என்னும் மூன்று ஊர்களிலும் நிலத்தடியிலிருந்து வெந்நீர் பொங்குகிறது. வசாய்க்கும் இப்பள்ளத்தாக்குக்கும் இடையே துங்காரேஸ்வர் மலைத்தொடர் காடு போர்த்து நிற்கிறது. இந்நீரின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், அது தாராவியின் ஓரத்திலும் செம்பூரின் மாஹுலிலும் வந்து முடிவதைக் காணலாம். அவ்வழியைச் சுட்டுவதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் நீரின் பிறப்பு. ஜப்பானின் வெந்நீரூற்றுகளிற் பெரும்பான்மையானவை எரிமலை வெப்பத்தால் சூடேறுபவை. கொங்கணத்து ஊற்றுகளையும் எரிமலையின் மிச்சம் என்றே மக்கள் கருதுவர். தக்காணத்தின் கருங்கற்பாறை எரிமலைக் குழம்பால் ஆனது என்பது உண்மையே. ஆனால் அக்குழம்பு பொங்கியது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு; அதன் சூடு எப்போதோ ஆறிவிட்டது. இன்று நடப்பது வேறு. மேற்குக் கரையில் பெய்யும் பெருமழையின் ஒரு பகுதி பாறைப் பிளவுகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகிறது. புவியின் உள்வெப்பத்தால் சூடேறுகிறது. வேறொரு பிளவு கிடைத்த இடத்தில் மேலெழுகிறது. பால்கர் மாவட்டம் முதல் தெற்கே இரத்தினகிரி மாவட்டத்து இராஜாப்பூர் வரை, கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய ஊற்றுகள் வரிசையாக அமைந்திருப்பதற்குக் காரணம் இப்பிளவுகளே. இந்நீரைக் கந்தக நீர் என்றே வழங்குவர்; வேதியியல் நோக்கில் இவ்வரிசை ஊற்றுகள் பெரும்பாலும் சோடியம், கால்சியம், குளோரைடு மிகுந்த உப்புநீராகும்.

நிலத்தில் உள்ளதை மொழி எவ்வாறு பெயரிடுகிறது என்பது என் துறை சார்ந்த கேள்வி. ஜப்பானிய மொழியில் நீருக்கு இரு தனிச் சொற்கள் உள்ளன: குளிர்ந்த நீர் 'மிசு', வெந்நீர் 'யு'. ஒன்றோடு அடைசேர்த்து மற்றொன்று ஆக்கப்படவில்லை, இரண்டும் வேர்ச்சொற்கள். குளியலகங்களின் வாயிலில் தொங்கும் துணியில் 'யு' என்னும் ஓர் எழுத்தே போதுமான அறிவிப்பாகிறது. 'ஒன்சென்' என்பதோ சீன வழியாக வந்த கூட்டுச்சொல்: 'ஒன்' வெம்மை, 'சென்' ஊற்று.

மராத்தியில் வெம்மையைக் குறிக்கும் 'ஊன்', வடமொழி 'உஷ்ண' என்பது பிராகிருதத்தில் 'உண்ஹ' எனத் திரிந்து வந்த வடிவம். இராய்கட் மாவட்டத்துப் பாலி என்னும் ஊருக்கு அருகிலுள்ள உன்ஹேரே, இரத்தினகிரி மாவட்டத்து உன்ஹவரே ஆகிய இரண்டும் வெந்நீரூற்று உள்ள ஊர்கள். எழுதப்பட்ட சான்று தேடுவோர்க்கு ஊர்ப்பெயரே இங்கு ஆவணம்: அப்பெயர்கள் தோன்றிய காலத்திலேயே அந்நீர் மக்களுக்குப் பழக்கமானதாயிருந்தது.

தமிழுக்கு இந்நிலை வாய்க்கவில்லை. திணை இலக்கணம் நிலத்துக்கேற்ப நீரை வகுத்துக் காட்டியது. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், மருதத்துக்கு ஆறும் பொய்கையும், நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்கழியும். இவ்வகைப்பாட்டில் தானே கொதித்தெழும் நீருக்கு இடமில்லை. தமிழகத்து மலைச்சுனை தண்ணென்றிருப்பது. 'வெந்நீர்' என்றால் நம் காதில் ஒலிப்பது அடுப்பில் காய்ச்சிய நீர். இயற்கையாய் எழுவதைக் குறிக்க 'ஊற்று' என்னும் சொல்லைப் பின்னொட்ட வேண்டியிருக்கிறது. 'குளிர்' என்பதிலிருந்தே 'குளி' பிறந்தது என்று மக்கள் வழங்கும் விளக்கம் மொழியியலால் நிறுவப்பட்டதன்று. ஆயினும் அவ்விளக்கம் அத்துணை எளிதாய் ஏற்கப்படுவதே, குளியலைத் தண்மையோடு இணைத்துக் காணும் மனப்பாங்கைக் காட்டுகிறது.

தமிழ்பேசும் நிலத்தில் பெயர்பெற்ற விதிவிலக்கு, திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா. அங்குள்ள ஏழு கிணறுகளும் வெவ்வேறு சூட்டில் இருக்கும். இராவணன் தன் தாயின் இறுதிக்கடனுக்காக நிலத்தைக் குத்தி அவற்றை உண்டாக்கினான் என்பது மரபு. அவ்விடம் யாருக்கு உரியது என்னும் வழக்கு 2019-இல் திருகோணமலை நீதிமன்றம் வரை சென்றது. வெந்நீர் அரிதாகக் கிடைக்கும் இடங்களில் அதன் கதையும் உரிமையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தான்சா கரையிலும் அதுவே நிகழ்ந்தது.

வஜ்ரேஸ்வரியின் வாய்மொழிக் கதைப்படி, தேவி வீழ்த்திய அரக்கர்களின் குருதியே அவ்வெந்நீர். இன்றைய கோயிலின் தோற்றம் ஒரு போரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. 1534 முதல் போர்ச்சுகீசியர் வசம் இருந்த வசாய்க் கோட்டையை, பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா 1739 மே மாதத்தில் கைப்பற்றினார். கோட்டை வீழ்ந்தால் தேவிக்குக் கோயில் எடுப்பதாக அவர் வேண்டிக்கொண்டார் என்பது மரபு. மேட்டின்மீது, கோட்டை வாயிலை ஒத்த நுழைவாயிலும் 52 படிகளும் கொண்டு நிற்கும் அக்கோயிலைக் காண்போர்க்கு அந்தப் போரின் நிழல் புலப்படும்.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்துத் தெற்கிலிருந்து ஒருவர் வந்தார். கேரளத்தில் பிறந்து, காஞ்ஞங்காட்டில் வாழ்ந்த நித்தியானந்தர், 1930-களின் நடுவில் வஜ்ரேஸ்வரிப் பகுதிக்கு வந்து, பின்னர்க் கணேஷ்புரியின் பீமேஸ்வரர் கோயிலருகே, வெந்நீர்க் குண்டங்களின் பக்கத்தில் தங்கினார். 1961 ஆகஸ்டு 8-இல் அவர் மறையும் வரை, காடு சூழ்ந்த அந்தச் சிற்றூரை நோக்கிப் பம்பாயிலிருந்து மக்கள் சென்றவண்ணம் இருந்தனர். தென்னிந்தியரும் அவர்களுள் அடங்குவர். விடியற்காலைக் குளியல், தரிசனம், மலையடிவாரத்தில் உணவு, மாலைக்குள் வீடு. ஜப்பானியர் ஓய்வின் பெயரால் செய்வதை இவர்கள் பக்தியின் பெயரால் செய்தனர்.

ஜப்பானில் ஊற்றுகளைக் காப்பதற்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 25 பாகை வெப்பமோ குறிப்பிட்ட கனிமங்களுள் ஒன்றின் போதிய அளவோ இருந்தால் அது ஒன்சென். புதிதாகத் துளையிட ஆளுநரின் இசைவு தேவை. நீரின் கூறுகளைக் குளிப்பவர் காணும்படி எழுதி வைத்தல் வேண்டும். கொங்கணத்தில் அக்காவற்பணியைப் பெரிதும் ஆற்றியது வழிபாடு. குண்டம் என்று பெயர்பெற்ற நீரைத் தூர்ப்பதற்கு யாரும் எளிதில் துணியார்.

ஆனால் புனிதம் என்னும் வேலி நீரைக் காத்ததோடு மனிதரை விலக்கவும் பயன்பட்டது. இதே கொங்கணத்தில்தான் மகாட் நகரம் இருக்கிறது. அதன் அருகிலும் சாவ் என்னுமிடத்தில் ஒரு வெந்நீரூற்று உண்டு. பொதுநீர் நிலைகளை எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் நிறைவேற்றியும், மகாட் நகராட்சி அதனை ஏற்றும், சவதார் குளத்து நீரைத் தீண்டத் தலித் மக்களால் இயலவில்லை. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் தலைமையில் அவர்கள் சென்று அந்நீரைப் பருகிய நிகழ்ச்சி இந்திய வரலாற்றின் திருப்பங்களுள் ஒன்று. நீர்நிலையின் வரலாற்றை எழுதுபவர், அதில் யார் இறங்கினர் என்பதோடு யார் இறங்க இயலவில்லை என்பதையும் எழுதக் கடமைப்பட்டவர்.

இனி அதே ஆற்றின் மற்றொரு நீரைக் காண்போம். வெந்நீரூற்றுகளுக்கு மேற்புறத்தில் தான்சா ஆறு அணையால் தடுக்கப்பட்டிருக்கிறது. விகார் ஏரியும் (1860) துளசி ஏரியும் (1879) பம்பாயின் தாகத்துக்குப் போதாமற் போகவே, இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கற்கட்டு அணை ஒன்று எழுப்பப்பட்டு 1892-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து பெருங்குழாய்களின் வழியே குளிர்ந்த நீர் நகருக்கு வந்தது.

மும்பைத் தமிழரின் குடியேற்ற வரலாறு இந்தக் குழாயோடு இணைந்தே நடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தோர் தாராவியில் குடியமர்ந்தனர். தோலை ஊறவைத்துக் கழுவும் அத்தொழில் நீரின்றி நடவாது. கொள்ளைநோய்க்குப் பின் 1898-இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டுக் கழகத்தின் தாதர்–மாட்டுங்காத் திட்டம், குழாய்நீரும் கழிவுநீர்ப் பாதையும் உள்ள வீடுகளைத் தந்தது. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தமிழர் அங்கே குடிபுகுந்தனர். 1950-களில் திராம்பே, மாஹுல் பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆய்வு நிலையமும் எழுந்தபோது செம்பூர் வளர்ந்தது. மாட்டுங்காவில் குழாய் வீட்டுக்குள் வந்தது. தாராவியிலோ மாஹிம் கழிமுகத்தை ஒட்டி மாநகரின் பெருங்குழாய்கள் வீடுகளுக்கு வெளியே சென்றன. அவற்றின் மேலேறி மக்கள் நடந்தனர். உள்ளே ஓடும் நீரோ பெரும்பாலும் வேறிடங்களுக்குரியது. நீர் புறப்படும் இடத்திலும் இதே நிலைதான். அணைகள் அமைந்த ஷகாப்பூர் வட்டத்தின் பழங்குடிச் சிற்றூர்கள் பல, கோடையில் தண்ணீர் வண்டியை எதிர்பார்த்து நிற்கின்றன.

அண்மை வரலாறு இன்னும் கூர்மையானது. தான்சாக் குழாய்களின் இருபுறமும் 10 மீட்டர் அகலத்துக்கு வீடுகள் இருத்தலாகாது என்னும் நீதிமன்ற ஆணையின்படி, கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. அவர்களுள் பெருந்தொகையினருக்கு மாற்று வீடு தரப்பட்ட இடம், செம்பூரை அடுத்த மாஹுல். ஆலைகள் சூழ்ந்த அப்பகுதியின் காற்று மாசு உடல்நலத்துக்கு ஊறு விளைவிப்பது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலேயே கூறியிருந்தது. அங்கே வாழ மறுத்த குடும்பங்களுக்கு மாத வாடகையாக 15,000 ரூபாய் தருமாறு பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் ஆணையிட்டது. வீடுகள் அகன்ற குழாய்ப் பாதையிலோ, முலுண்டிலிருந்து நகரை நோக்கி 39 கிலோமீட்டருக்கு மிதிவண்டியும் நடைப்பயிற்சியும் செல்லும் தடத்தை மாநகராட்சி திட்டமிட்டது.

குழாயின் பாதுகாப்பு தேவையற்றது என்று யாரும் வாதிடார். நடைபாதையும் நகருக்கு நன்மையே. எனினும் ஓய்வுக்காக நடப்பவர் நீரின் அருகே வரவேற்கப்படுவதும், பிழைப்புக்காக வாழ்பவர் அதே நீரின் அருகிலிருந்து பெயர்க்கப்படுவதும் ஒரே திட்டத்தின் இரு முகங்களாய் அமைந்திருப்பதைக் காணாதிருக்க இயலாது. மகாட் குளத்தின் முன் நின்ற கேள்வி வேறு உருவில் மீண்டும் நிற்கிறது: நீரை அணுகும் உரிமை யாருக்கு?

தான்சா பள்ளத்தாக்கில் வழிகாட்டியோடு நடக்கும் ஒருநாள் பயணங்கள் பெருக வேண்டும் என்பதே என் விருப்பம். துங்காரேஸ்வர் சரணாலயம் 2003-இல் அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 85 சதுர கிலோமீட்டர்க் காடு. மழைக்காலம் கழிந்த மாதங்களில் நடைக்கு ஏற்றது. நடந்த கால்களுக்கு அக்லோலியின் வெந்நீர் செய்யும் நன்மையை எந்த ஜப்பானியக் குளியலகமும் மிஞ்சிவிடாது. வேண்டுவது இரண்டு. வழிகாட்டிகளாக அம்மலையடிவாரத்து வார்லி, காத்கரி இளைஞர்களுக்கே முதல் வாய்ப்புக் கிடைக்க வேண்டும். குண்டங்கள் இன்றிருப்பதுபோல் எல்லார்க்கும் பொதுவாய் நீடிக்க வேண்டும். கட்டணச் சுவருக்குள் ஊற்றின் வாய் அடைபட்டால், வழிபாடு காத்ததை வணிகம் இழந்துவிடும்.

பயணத்தைத் தொடங்கும் இடமும் முக்கியமானது. தாராவியின் ஓரத்துக் குழாய்களிலிருந்தோ மாஹுலின் அடுக்ககங்களிலிருந்தோ தொடங்கி, நீர் வந்த வழியே எதிர்த்திசையில் சென்றால், நாள்தோறும் பருகும் நீரின் ஆற்றங்கரையில்தான் விடுமுறையன்று குளிக்கிறோம் என்பது பயணிகளுக்கு விளங்கும். செல்லும் நண்பர்கள் அங்குள்ள முதியோரிடம் குண்டங்களின் பெயர்களையும் கதைகளையும் கேட்டு எழுதி வையுங்கள். உன்ஹேரே என்னும் பெயர் ஒரு வெப்பத்தை இத்தனை நூற்றாண்டுகள் காத்து வைத்ததைப்போல, அப்பெயர்களும் எதையேனும் காத்து வைத்திருக்கும்.