மன்னார் முத்துப்பார்களும் குடம்பியின் நீச்சலும்

மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு வரலாறு பெரும்பாலும் ஆட்சியாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி நோர்த் அரிப்புக் கரையில் எழுப்பிய மாளிகை இன்று இடிபாடாக நிற்கின்றது. எனினும், பார்களிற் சிப்பி விளைவதும் பொய்ப்பதும் இவ்வாட்சிகளின் ஆணைக்கு உட்பட்டிருக்கவில்லை.

1891ஆம் ஆண்டின் பின் பதினொரு ஆண்டுகள் குளிப்பு நடைபெறவில்லை. இதன் காரணத்தை ஆராயும் பொருட்டு, இலிவர்ப்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் ஹோர்ணெல் என்பாருடன் இலங்கைக்கு வந்தார். பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் திரளாகத் தோன்றுவதும், முதிருமுன் அழிந்துபோவதும் மீண்டும் மீண்டும் நிகழ்வதை அவர்கள் எடுத்துக்காட்டினர். அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுமாறும் பரிந்துரைத்தனர்.

இளஞ்சிப்பிகள் பாருக்கு வந்து சேர்வது எவ்வாறு? கடல்நீரிற் கருக்கட்டிய முட்டையிலிருந்து தோன்றும் குடம்பி ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீந்தித் திரிகின்றது. தொடக்கத்தில் அதன் பருமன் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொன்றினும் குறைவு. அத்துணைச் சிறிய உடலுக்கு நீர் தேன்போற் பிசுக்குமையுடையது. உந்துதல் நின்றதும் இயக்கமும் நின்றுவிடும். இத்தகைய நீச்சலின் கணிதத்தை 1951இல் ரெயிலரும், அதன் பொதுவிதியை 1977இல் பேர்செலும் விளக்கினர். சென்ற வழியே திரும்பும் துடுப்பு அங்கே பயன்தராது. ஆதலின் குடம்பியின் பிசிர்கள் நிமிர்ந்து நீரைத் தள்ளி, வளைந்து உடலை ஒட்டி மீள்கின்றன. அவ்வாறு நீந்தியும் அது ஒரு மணி நேரத்திற் கடப்பது சில மீற்றர்களே. நீரோட்டமோ ஒரே நாளிற் பல கிலோமீற்றர் அதனை இழுத்துச் செல்லவல்லது. மேலெழுவதும் கீழிறங்குவதுமே பெரிதும் குடம்பியின் வசமுள்ளவை. பாறையிற் படிந்தால் அது வாழும். மணலிற் படிந்தால் மடியும்.

1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்விளைவைக் கண்டு, 1906இல் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் விடப்பட்டன. 1907இன் பின் விளைவு பொய்த்தது, கம்பனியும் கலைந்தது. வயலைக் குத்தகைக்கு விடுவதுபோலக் கடலை விட்டமையே இங்கு நேர்ந்த பிழையாகும். வயலில் விதைப்பவன் மனிதன். பாரில் விதைப்பது நீரோட்டம்.

இதனாற் குளிப்பின் மிகுதிக்குப் பொறுப்பில்லை என்று கொள்ளலாகாது. கோடி குடம்பிகளிற் சிலவே பாறையை அடையும் கடலில், தாய்ச்சிப்பிகளின் தொகை குறையக் குறைய அந்தச் சிலவும் அருகும். 1981இல் தூத்துக்குடி ஆய்வாளர் குடம்பிகளைத் தொட்டியிலே வளர்த்து இளஞ்சிப்பிகளைப் பெற்றனர். அங்கே நீரோட்டம் இல்லை. மன்னார்ப் பார்களுக்கோ அதுவே இன்றும் விதைப்பவன். அதற்கு விதையை விட்டுவைப்பது மனிதனின் கடன்.