ஹார்வர்ட் சேர்க்கை: நிச்சயமின்மை உருவான கதை

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவி எல்லாப் பாடங்களிலும் முதலிடத்தில் இருக்கலாம், எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறத்தாழ முழு மதிப்பெண் வாங்கியிருக்கலாம். அவளுக்கு ஹார்வர்டில் இடம் கிடைக்குமா என்று கேட்டால் வகுப்பாசிரியராலும் சொல்ல முடியாது, பள்ளியின் ஆலோசகராலும் சொல்ல முடியாது. 2024இல் சேர்ந்த வகுப்புக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களுக்குப் போகும் மறுப்புக் கடிதத்தில் காரணம் எதுவும் இருப்பதில்லை. கட்-ஆஃப் எவ்வளவு, தனக்கு எத்தனை குறைந்தது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு கலந்தாய்வுக்குப் போய்ப் பழகிய தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்காவில் குடியேறியதும் முதலில் திகைப்பது இந்த இடத்தில்தான். கேட்டால் எல்லோரும் கூட்டத்தைக் காரணம் சொல்வார்கள்: தகுதியுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், இடமோ கொஞ்சம், அதனால் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியவில்லை என்பார்கள். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் இந்த நிச்சயமின்மைக்குக் கூட்டத்தைவிட வயது அதிகம். விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளே போய்விடக்கூடிய காலத்தில், 1922க்கும் 1926க்கும் இடையில், ஒரு குறிப்பிட்ட மக்களைக் குறைப்பதற்காக அது திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. நோக்கம் பிறகு மாறியது, கருவி மாறவில்லை.

அதற்கு முந்தைய நிலையைப் பார்க்கலாம். 1636இல் தொடங்கப்பட்ட ஹார்வர்ட், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தன் மாணவர்களைத் தேர்வு வைத்தே எடுத்தது. லத்தீன், கிரேக்கம், கணிதம் என்று பாடங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கும். எழுதித் தேறியவருக்கு இடம் உண்டு. சில பாடங்களில் தவறியவர்களையும், பின்னால் எழுதித் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். 1901இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் தன் முதல் பொதுத் தேர்வை நடத்தியபோது எழுதியவர்கள் 973 பேர்தான். நெருக்கடி இல்லை, கல்லூரிகள்தான் மாணவர்களைத் தேடின. இந்த முறை நியாயமானதாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கிரேக்கமும் லத்தீனும் கற்பிக்கும் பள்ளிகள் குறைவு. அவற்றில் பல, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளிகள். உழவர் மகனுக்கும் தொழிலாளி மகனுக்கும் தேர்வு எழுதுவதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டிருந்தது. ஆனால் அந்தத் தடை எல்லோருடைய கண்ணுக்கும் தெரிந்தது. தெரிந்த தடையை எதிர்த்துப் பேசவும் மாற்றவும் முடியும், அப்படியே நடந்தது. 1911இல் ஹார்வர்ட் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அரசுப் பள்ளியில் வழக்கமான பாடங்களை நன்றாகப் படித்தவர் நான்கு பாடங்களில் தேர்வெழுதி உள்ளே வரலாம் என்றது. பாஸ்டன், நியூயார்க் போன்ற நகரங்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அதில் ஒரு வழி திறந்தது.

அந்த வழியில் வந்தவர்களில் கணிசமானோர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 1880களுக்குப் பிறகு குடியேறிய யூதர்களின் பிள்ளைகள். 1900இல் ஹார்வர்டின் புதுமுக மாணவர்களில் சுமார் 7 சதவீதமாக இருந்த யூதர்கள் 1922இல் 21 சதவீதத்தைத் தாண்டினார்கள். அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் ஏ. லாரன்ஸ் லோவெல்; குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோரிய சங்கத்தின் துணைத் தலைவராகவும் இருந்தவர். யூதர்களை 15 சதவீதத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர்கள் எண்ணிக்கை கூடினால் வெறுப்பும் கூடும், ஆகவே குறைப்பது அவர்களுக்கே நல்லது என்று வாதிட்டார். அவருடைய முன்மொழிவில் ஒரு நேர்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: அதை வெளிப்படையாகச் சொன்னார். அதனாலேயே தோற்றார். செய்தித்தாள்கள் எழுதின, மாநிலச் சட்டமன்றத்தில் விசாரணைக்கான குரல் எழுந்தது, மேற்பார்வை மன்றத்தில் இருந்த யூத நீதிபதி ஜூலியன் மேக் எதிர்த்தார். ஆராய்வதற்கு அமைக்கப்பட்ட பேராசிரியர் குழு 1923 ஏப்ரலில் அளித்த அறிக்கையில் ஒதுக்கீட்டை நிராகரித்தது. இனத்தையோ மதத்தையோ வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றது.

அதே குழு செய்த இன்னொரு பரிந்துரை என் வாதத்துக்கு மிக முக்கியமானது. மேற்கிலும் தெற்கிலும் உள்ள சிற்றூர்ப் பிள்ளைகள் வர வேண்டும் என்பதற்காக, பள்ளி வகுப்பில் முதல் ஏழில் ஒரு பங்குக்குள் இருப்பவர்களைத் தேர்வே இல்லாமல் சேர்க்கலாம் என்று அது சொன்னது. தூரத்துப் பிள்ளைகள் வந்தால் யூதர்களின் விகிதம் தானாகக் குறையும் என்ற எதிர்பார்ப்பும் அதற்குள் இருந்தது. நடந்தது நேர்மாறு. கிழக்குக் கரை நகரங்களின் அரசுப் பள்ளிகளிலும் முதல் ஏழில் ஒரு பங்குக்குள் யூத மாணவர்கள் நிறைய இருந்தார்கள். 1925இல் அவர்கள் பங்கு 27 சதவீதத்தைத் தாண்டியது. வெளிப்படையான விதிக்கு ஆள் பார்க்கத் தெரியாது. எழுதியவனுக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்பதை அது பொருட்படுத்தாமல் தன் போக்கில் வேலை செய்யும். லோவெலுக்கு அப்போது புரிந்தது இதுதான்: எந்த விதியை எழுதினாலும் அதைப் படித்துத் தயாராகி அவர்கள் வந்துவிடுவார்கள், ஆகவே விதியே இருக்கக் கூடாது.

1926 ஜனவரியில் வந்த மாற்றங்கள் அந்தப் புரிதலின் விளைவு. முதலாண்டு வகுப்பு 1,000 பேருக்கு மேல் போகாது என்று வரம்பு வைக்கப்பட்டது. வரம்பு வந்ததும் தேர்ந்தெடுக்கும் உரிமை தானாக வந்தது. தேர்வில் தேறுவது மட்டும் போதாது. குணநலன், ஆளுமை, தலைமைப் பண்பு ஆகியவையும் பார்க்கப்படும் என்றார்கள். பரிந்துரைக் கடிதமும் நேர்காணலும் முக்கியமாயின. விண்ணப்பத்தோடு புகைப்படம் கட்டாயமானது. 1922 முதலே விண்ணப்பப் படிவம் இனத்தையும் மத விருப்பத்தையும் கேட்டது. தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர், தந்தை பிறந்த இடம் ஆகியவற்றோடு, பிறந்த பிறகு தன் பெயரிலோ தந்தையின் பெயரிலோ மாற்றம் செய்திருந்தால் முழு விளக்கமும் தர வேண்டியிருந்தது. மாணவர்கள் ஐயத்துக்கு இடமில்லாத யூதர், அநேகமாக யூதர், யூதராக இருக்கக்கூடியவர் என்று ஜே1, ஜே2, ஜே3 எனக் குறியிட்டுப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் யூதர்களின் பங்கு 15 சதவீதத்துக்கு வந்து நின்றது, லோவெல் கேட்ட அதே அளவுக்கு. ஒதுக்கீடு என்ற சொல் எந்த ஆவணத்திலும் தேவைப்படவில்லை. இது ஹார்வர்டின் தனிச் செயலும் அல்ல. கொலம்பியா முன்பே இந்த வழியில் இறங்கியிருந்தது. யேல் 1925இல் தன் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு வகுப்பு வரம்பிலிருந்து விலக்கு அளித்தது. இன்றைய விண்ணப்பத்தில் மாணவர்கள் உயிரைக் கொடுத்துத் தயாரிக்கும் கட்டுரை, பரிந்துரை, நேர்காணல், பள்ளிக்கு வெளியே செய்த சாதனை என்ற தொகுப்பின் அடிப்படை வடிவம் அந்த ஐந்தாறு ஆண்டுகளில் உருவானது.

அதே 1926 ஜூனில் எஸ்.ஏ.டி. தேர்வு முதன்முதலாக நடந்தது. 8,040 பேர் எழுதினார்கள். லோவெலுக்குப் பின் வந்த ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட் 1934இல் தொடங்கிய தேசிய உதவித்தொகைகளுக்கு இந்தத் தேர்வைப் பயன்படுத்தி, எங்கோ ஒரு சிற்றூரில் படிக்கும் கெட்டிக்காரப் பையனைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார். பலரும் இதைத் திறமைக்கு மதிப்புத் தரும் காலத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. தேர்வு வந்தது; தேர்வுக்கு மேலே உட்கார்ந்திருந்த விருப்புரிமை போகவில்லை. 1950களில் சேர்க்கைத் தலைவராக இருந்த வில்பர் பெண்டர், மூளையை மட்டும் பார்த்து எடுத்தால் ஹார்வர்ட் வறண்டுவிடும் என்று அஞ்சியவர். பழைய மாணவர் பிள்ளைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் நன்கொடை தரக்கூடிய குடும்பங்களுக்கும் இடம் வைத்திருந்தால்தான் நிறுவனம் செழிக்கும் என்ற எண்ணம் அங்கே உறுதியாக வேரூன்றியது.

இந்த விருப்புரிமைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் மிக வலுவான வாதம் ஒன்று உண்டு. அதே நெகிழ்வுதான் 1960களின் இறுதியில் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968க்குப் பிறகு ஹார்வர்ட் அவர்களைத் தேடிச் சேர்த்தது. 1978இல் பாக்கி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பவல், இனத்தைப் பல காரணிகளில் ஒன்றாகப் பார்க்கும் ஹார்வர்டின் முறையை முன்மாதிரியாகக் காட்டினார். வெறும் மதிப்பெண் பட்டியல் அதைச் செய்திருக்காது. இந்த வாதத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். தலைமுறைகளாக மறுக்கப்பட்டவர்களுக்கு அது உண்மையான வழியாக இருந்தது. ஆனால் ஒருவர் மனதைச் சார்ந்து நிற்கும் நீதி எவ்வளவு பலவீனமானது என்பதை அடுத்த கட்டம் காட்டியது. ஹார்வர்டுக்கு எதிராக 2014இல் தொடங்கிய வழக்கின் முடிவாக, 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்தது. பழைய மாணவர் பிள்ளைகளுக்கும் நன்கொடையாளர் பிள்ளைகளுக்கும் உள்ள முன்னுரிமையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. கறுப்பினத்தவருக்கு உதவிய பகுதி வெட்டப்பட்டது; வசதி உள்ளவருக்கு உதவிய பகுதி அப்படியே நிற்கிறது. ஒளிவுமறைவு இல்லாத ஒதுக்கீடாக அந்த உதவி தொடக்கத்திலேயே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால் நிலைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, அமெரிக்க நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் மூடிய அறைக்குள் தரப்பட்ட நன்மையைக் காப்பாற்ற வெளியே யாரும் திரள முடியாமல் போனது.

அந்த வழக்கு வேறொன்றையும் செய்தது: அறையைக் கொஞ்ச நேரம் திறந்து காட்டியது. 1990இல் கூட்டரசின் குடிமை உரிமைகள் அலுவலகம் ஒரு விசாரணையை முடித்தபோது, ஆசிய அமெரிக்கர்களின் சேர்க்கை விகிதம் வெள்ளையர்களைவிடக் குறைவாக இருப்பதற்குப் பழைய மாணவர் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கான முன்னுரிமையே காரணம், அது சட்டவிரோதம் அல்ல என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. 2018 விசாரணையில் எண்கள் வெளிவந்தன. விண்ணப்பித்த பழைய மாணவர் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்திருந்தது. ஒட்டுமொத்த விகிதம் 6 சதவீதம். சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவர்களில் நூற்றுக்கு 43 பேர் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர்கள் அல்லது ஊழியர்களின் பிள்ளைகள், தலைமையின் தனிப் பட்டியலில் இருந்தவர்கள். ஆசிய அமெரிக்கர்களுக்குப் படிப்பில் உயர்ந்த தரம் கிடைத்தது, ஆளுமைக்கான தரம் சராசரியில் குறைந்திருந்தது. கீழ் நீதிமன்றம் 2019இல் இதை வேண்டுமென்றே செய்த பாகுபாடாகக் காணவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தீய எண்ணம் இருந்ததா என்பது வேறு கேள்வி. 1926இல் யூத மாணவரிடம் குறைவதாகச் சொல்லப்பட்ட அதே ஆளுமை தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு குடியேறிய மக்களிடம் குறைவதாக மதிப்பிடப்பட்டது என்றால், அளவுகோலையே சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு எண்ணிக்கை பற்றியது. ஐம்பதாயிரம் பேரில் இரண்டாயிரம் பேரை எடுக்கும்போது, உச்ச மதிப்பெண் பெற்றவர்களே இடங்களைவிட அதிகம். வேறு எதையாவது பார்க்காமல் முடியாது என்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் அந்தப் பற்றாக்குறை இயற்கையாக வந்ததல்ல. 1926இல் வகுப்புக்கு ஆயிரம் பேர் என்று வரம்பு வைத்தபோது அமெரிக்காவின் மக்கள்தொகை 12 கோடிக்கும் குறைவு. இன்று 33 கோடிக்கு மேல். அன்று ஆண்கள் மட்டும். இன்று ஆண், பெண் இருபாலரும். ஆனாலும் வகுப்பின் அளவு சுமார் 1,650. நிறுவனத்தின் நிதிக்கையிருப்பு 5,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பெரிதாக வளரக் கையில் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. இடத்தைச் சிறிதாகவே வைத்திருப்பது ஒரு முடிவு. அந்த முடிவு மறுக்கப்படும் ஒவ்வொருவராலும்தான் மதிப்புப் பெறுகிறது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே எஸ்.ஏ.டி. மதிப்பெண் பெற்ற நடுத்தரக் குடும்பப் பிள்ளையைவிட, மேல்மட்ட ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளை இத்தகைய கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். பற்றாக்குறையின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழவில்லை.

தேர்வை மட்டும் நம்பினால் பயிற்சி மையங்கள்தான் ஆளும் என்பதும் உண்மை. நீட் கண்ட தமிழ்நாட்டுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விதி என்றால் ஒற்றைத் தேர்வு என்று பொருளல்ல. டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் போட்டது: மாநிலத்தின் எந்தப் பள்ளியாக இருந்தாலும், அதன் வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம். ஹார்வர்ட் 1923இல் ஏற்று, தன் நோக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்றதும் தளர்த்திவிட்ட ஏழில் ஒரு பங்கு விதியின் உறவுக்காரச் சட்டம் அது. அதிலும் குறை உண்டு. பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதையே அது சாதகமாக்கிக்கொள்கிறது, கடுமையான பள்ளியில் படித்தவர்களுக்கு நட்டம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இடங்கள் நிரம்பி வழிந்ததால் 2009இல் சட்டமன்றம் விதியைத் திருத்தியது. அங்கே பத்து சதவீதம் என்பது பின்னர் ஐந்து சதவீதம் வரை இறங்கியது. அந்த மாற்றம் பொதுவெளியில் விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்புக்கு வந்து, புதிய அளவு முன்கூட்டியே பள்ளிகளுக்கு அறிவிக்கப்பட்டது. தன் நிலை என்ன என்பதை அந்த மாநிலத்து மாணவி விண்ணப்பிக்கும் முன்பே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்கிறாள்.