ஆதிமூலம்: நாம் பார்க்கத் தவறிய பாதி

புத்தளத்துப் பாலாவிப் பக்க உப்பளங்களை வெயில் நாளில் பார்த்தவர்கள் அறிவார்கள். பாத்திகளில் தேங்கிய நீர் வற்ற வற்ற நிறம் மாறும். ஒன்றில் வானத்து நீலம். அடுத்ததில் மங்கிய செம்மை. உப்பு விளைந்த பாத்தியிலோ கண்ணைக் கூசவைக்கும் வெண்மை. மனிதரும் மரமும் இல்லாமலே காட்சி நிறைந்துவிடுகிறது. “உருவமே இல்லாத ஓவியத்தில் என்னதான் இருக்கிறது?” என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் முதற் பதில் இந்த உப்பளம். இரண்டாவது பதில், ஓவியர் கே.எம்.ஆதிமூலம்.

எங்கள் கரையோர ஊர்களுக்கு அவர் தமிழகச் சஞ்சிகைகளின் வழியாகவே வந்து சேர்ந்தார். கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது, எழுத்தோடு சேர்ந்து வந்த கோட்டோவியங்களை யார் மறப்பார்? அவற்றை வரைந்தவர் ஆதிமூலம் என்று அறிந்தோர் பலர். அதே கைதான் அரூப வண்ண ஓவியங்களையும் தீட்டியது என்று அறிந்தோர் சிலரே.

திருச்சி மாவட்டம் துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்தவர் அவர். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று 1966இல் படிப்பை முடித்தார். சிற்பி எஸ்.தனபால் அங்கே ஆசிரியர், முதல்வர் கே.சி.எஸ்.பணிக்கர். மேற்கைப் பார்த்து வரையாமல், இந்த மண்ணுக்குரிய நவீன ஓவியம் எது என்ற கேள்வி அந்தக் கல்லூரியில் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. பணிக்கரின் முயற்சியால் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானதும் அதே 1966இல்தான்.

1969இல் காந்தி நூற்றாண்டு வந்தது. ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்து காட்சிக்கு வைத்தார். பின்னர் வந்த அரசர் வரிசையில் மகுடமும் மீசையும் ஆடம்பரமும் எள்ளலுக்கு ஆளாயின. காந்தியிடம் பணிந்து நின்ற கோடு, மன்னர்களிடம் நகைத்தது. இடையறாது சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் தமிழெழுத்தை வரைந்து தந்தார். அச்சு வார்ப்பில் இறுகிக் கிடந்த நம் எழுத்துக்குத் தூரிகையின் அசைவு கிடைத்தது.

எண்பதுகளில் அவருடைய கித்தான்களில் உருவங்கள் கரைந்திருந்தன. பரந்த நிறப் பரப்பு. அதன் ஓரிடத்தில் அடர்ந்து திரண்ட எண்ணெய் வண்ணம். நிலமோ நீரோ ஒளியோ என்று பெயரிட முடியாத ஒரு வெளி. வரையத் தெரியாதவர்களே அரூபத்தில் ஒளிந்துகொள்கிறார்கள் என்ற பழிச்சொல் ஆதிமூலத்திடம் செல்லாது. கரிசல் மனிதரின் முகச் சுருக்கங்களை வரைந்த அதே ஆண்டுகளில்தான் அவர் முகமற்ற வெளிகளையும் தீட்டினார். உருவத்தை அவர் இழக்கவில்லை. தேவைப்படாத இடத்தில் விட்டுவிட்டார்.

அப்படியாயின் அந்தப் பாதி ஏன் நம்மை எட்டவில்லை? பத்திரிகைத் தொழிலில் நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு. மலிவான அச்சுத்தாள் கறுப்புக் கோட்டைத் தாங்கும். வண்ணத்தின் தடிப்பையும் அளவையும் தாங்காது. எனவே அச்சேறக்கூடிய ஆதிமூலத்தை மட்டும் வாசகருக்குக் கொடுத்தோம். நான் பணியாற்றிய பத்திரிகைகளில், பத்தி குறைந்தால் வெற்றிடத்தை நிரப்ப ஒரு படம் தேடுவோம். ஓவியத்தைப் பற்றி எழுத ஒரு பத்தி ஒதுக்கியது அரிது. அவ்வாறு ஒதுக்கியிருந்தால், அச்சிட முடியாத ஓவியத்தைச் சொல்லாலேனும் காட்டியிருக்கலாம்.

2008 ஜனவரியில் ஆதிமூலம் மறைந்தார். இன்று கணினித் திரையில் அவருடைய வண்ணங்களை எந்த நாட்டிலிருந்தும் பார்க்க முடிகிறது. தடிப்பு தெரியாது, நிறம் தெரியும். வாய்ப்புள்ளவர்கள் அசல் ஓவியத்தின் முன்னால் சற்று நேரம் நில்லுங்கள். அதில் யாரையும் தேட வேண்டாம். உப்பளத்தைப் பார்க்கும்போது நாம் யாரையும் தேடுவதில்லையே.