குளறுகிற ஊரி: இலங்கைக் கடலடியின் படங்களைப் பற்றி

1860களின் நடுப்பகுதி, காலித் துறைமுகம். இரும்புத் தகட்டால் செய்த ஒரு கூடு, கோயில் மணி மாதிரி, அடிப்பக்கம் திறந்தது, முன்னால் தடித்த கண்ணாடி ஒன்று பொருத்தியது. சுற்றிவரப் பாரம் கட்டி அதைக் கடலுக்குள் இறக்குகிறார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்காரர் இடுப்புக்குக் கீழே தண்ணீரில் நனைந்தபடி குந்தியிருக்கிறார். மேலே வள்ளத்தில் இருக்கிற பம்பிலிருந்து குழாய் வழியாகக் காற்று வருகிறது. கையில் வார்னிஷ் பூசிய பச்சைத் தாள், மென்மையான பென்சில். கண்ணாடிக்கு வெளியே முருகைக்கல்லும் மீனும். அவர் வரைகிறார்.

அவர் பெயர் ஒய்கன் வொன் ரான்சொனெ. வியன்னாவைச் சேர்ந்த பிரபு, இராஜதந்திரி, ஓவியர். 1862இல் செங்கடலின் முருகைக்கற்பாறைகளைப் பார்த்து ஆசை பிடித்து, 1864-65இல் இலங்கைக்கு வந்தார். இலங்கையின் மனிதர்கள், விலங்குகள், தாவரங்கள் பற்றி அவர் எழுதிய நூல் 1867இல் வியன்னாவில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் இருக்கிற கல்லச்சுப் படங்களில் சில, கடலுக்கு அடியில் இருந்துகொண்டே வரைந்தவற்றிலிருந்து வந்தவை. கடலடியைக் கடலடியிலேயே இருந்து வரைந்த முதல் ஓவியர்களில் ஒருவர் அவர். அந்தக் கடல் எங்களுடைய தீவின் கடல். பாடசாலைச் சித்திரப் புத்தகத்திலும் வரலாற்றுப் புத்தகத்திலும் நாங்கள் இந்தப் பெயரைக் கண்டதில்லை.

அந்தப் படங்களைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இன்றைக்குக் கைப்பேசியில் நாங்கள் பார்க்கிற கடலடிப் படங்கள் மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும். ரான்சொனெயின் கடல் நீலப்பச்சையாக, மங்கலாக, கொஞ்சம் சோகமாகக்கூட இருக்கு. பாறைகள் தூரத்தில் போகப்போகப் பனிமூட்டத்துக்குள் கரைவதுபோலக் கரைகின்றன. ஆனா சரியாகப் பார்த்தவர் அவர்தான். தண்ணீர் சிவப்பு ஒளியைச் சில மீற்றர் ஆழத்துக்குள்ளேயே விழுங்கிவிடும். மேலே எடுத்து வந்தால் சிவப்பாக இருக்கிற முருகைக்கல், அடியில் மண்ணிறமாகத்தான் தெரியும். இன்றைய படங்களின் நிறம் பிளாஷ் விளக்கும் கணினியும் சேர்த்துக் கொடுக்கிற நிறம். அவருக்கு முன்பு கடலடியை வரைந்த பலர், பிடித்து மேலே கொண்டுவந்த மீனையும் உலர்ந்த முருகைக்கல்லையும் வைத்துக் கற்பனையில் ஒரு கடலைக் கட்டினார்கள். இவர் கண்ணால் கண்ட வெளிச்சத்தை வரைந்தார்.

புகைப்படக்காரர்களால் அப்போது இது முடியாத காரியம். இங்கிலாந்தில் வில்லியம் தொம்சன் என்பவர் 1856இல் கமராவை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கடலுக்குள் இறக்கிப் பார்த்தார்; கிடைத்தது ஒரு கலங்கல். பிரான்சில் லூயி பூத்தான் ஒழுங்கான கடலடிப் படம் எடுக்க 1893 ஆனது. நிறப்படத்துக்கு 1926 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதனால் 1865இல் காலிக் கடலின் அடி எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், கையில் எடுத்துக் காட்ட ரான்சொனெயின் பென்சில் வேலைதான் இருக்கு. இது சின்ன விசயம் இல்லை. தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காகக் காலங்காலமாக முருகைக்கல் தோண்டினார்கள். 1998இல் இந்து சமுத்திரம் சூடாகி, ஹிக்கடுவை போன்ற இடங்களில் ஆழம் குறைந்த பாறைகளின் முருகைகள் வெளிறிப் பெரும்பகுதி செத்துப்போயின. இழந்தது என்ன என்று அளப்பதற்கு ஒரு பழைய படமாவது வேண்டாமா?

சரி, ஒரு கேள்வி. அந்தப் பம்பை யார் இயக்கினார்கள்? கூட்டை இறக்கி ஏற்றியது யார்? ஒரு மனிதர் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து நிதானமாகப் படம் வரைய, மேலே சிலர் வெயிலில் நின்று நிறுத்தாமல் காற்றடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அவர்கள் கை ஓய்ந்திருந்தால் ஓவியமும் இல்லை, ஓவியரும் இல்லை. எங்களுடைய கடலின் படங்களைத் தேடிப் போகிற இடமெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்குது.

கிழக்குக்கு வருவோம். எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட் 1819இல் இலங்கையில் பிறந்த பறங்கியர், இராணுவ மருத்துவர். 1850களில் திருகோணமலையில் வேலை பார்த்தபோது கடல் நத்தைகளில் ஒரு வகையைத் தேடித்தேடி விவரித்தார்: ஓடு இல்லாத, உடம்பு முழுக்க நிறமும் கோலமுமாக இருக்கிற, விரல் நீளமும் வராத உயிர்கள். இந்த உயிரை ஆராய்கிறவர் ஓவியராகவும் இருந்தே ஆகவேண்டும். சாராயத்தில் போட்டால் நிறம் போய்விடும், உடம்பு சுருங்கி ஒரு அழுக்குக் கட்டியாகிவிடும். உயிரோடு இருக்கும்போதே வரைந்து வைத்தால்தான் உண்டு. கெலார்ட்டிடம் அந்தப் படங்கள் இருந்தன. 1857இல் அரசாங்கம் அவரை மன்னார் முத்துச்சிப்பிகளை ஆராயச் சொன்னது. 1860இல் இங்கிலாந்துக்குப் போகிற வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். அவருடைய நத்தைப் படங்கள் கடைசியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகர அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்தன. சார்ள்ஸ் எலியட் என்ற இன்னொரு இராஜதந்திரி (கடல் நத்தைகளுக்கும் இராஜதந்திரிகளுக்கும் என்ன சம்பந்தமோ) 1906இல் அந்தப் படங்களை வைத்து ஒரு கட்டுரை எழுதி, கெலார்ட் எந்த உயிரைச் சொன்னார் என்று ஒவ்வொன்றாக அடையாளம் காண முயன்றார். இன்றைக்கும் பிலிடியெல்லா சைலானிக்கா, ஜிம்னோடோரிஸ் சிலோனிக்கா என்று இரண்டு நத்தைகள் கெலார்ட் வைத்த இனப்பெயரோடு வாழுது. உலகத்தில் எந்த மூலையில் அதைப் படம் எடுத்தாலும் இலங்கையின் பெயரை எழுதித்தான் ஆகவேண்டும்.

ஏர்ன்ஸ்ட் ஹெக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகலாம், ஏனென்றால் அவரைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஜேர்மன் விலங்கியலாளர். 1881-82இல் வந்து வெலிகம வாடிவீட்டையே ஆய்வுகூடமாக்கினார். பிறகு 1899 முதல் 1904 வரை அவர் வெளியிட்ட 100 ஓவியத் தகடுகள் ஐரோப்பியக் கட்டடக் கலை, விளக்கு, நகை வரைக்கும் தாக்கம் செலுத்தின. ஜெலிமீனைப் பார்த்துக் கூரையில் தொங்கும் சரவிளக்கு செய்த காலம் அது. அவருடைய கோடுகளின் அழகில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனா கடல் உயிர்களை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த அதே மனிதர், மனித இனங்களை மேல் கீழ் என்று அடுக்கிய கருத்துகளையும் பரப்பினார். அழகான படத்தைச் சுவரில் மாட்டும்போது அதையும் தெரிந்துகொண்டு மாட்டலாம்.

மன்னார்தான் இதில் எங்களுக்கு அதிகம் உறுத்துகிற இடம். ஐரோப்பிய ஓவியர்கள் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து எட்டிப் பார்த்த கடலடிக்கு, சிலாவத்துறைக்கும் அரிப்புக்கும் வெளியே, தமிழரும் முஸ்லிம்களும் அரேபியரும் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகளாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் கிட்டத்தட்ட அடியில், பிறகு மேலே, பிறகு மறுபடியும் கீழே. சுறா வராமல் மந்திரம் சொல்லிக் கட்டுகிறவருக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். பிரித்தானிய அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அவர் கரையில் இல்லாவிட்டால் குளிக்கிறவர்கள் கடலில் இறங்கமாட்டார்கள். 1902இல் வில்லியம் ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னலோடு வந்து முத்துப்பார்களை ஆராய்ந்தார். அந்த அறிக்கையை 1903 தொடக்கம் 1906 வரை 5 பாகங்களாக லண்டன் றோயல் சொசைட்டி வெளியிட்டது. இலங்கைக் கடல் உயிர்களைப் பற்றி அதுவரை வந்தவற்றில் மிகப் பெரிய வேலை அது. படங்கள் மட்டுமே ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். 1905 குளிப்பில் 8 கோடிக்கும் மேலான சிப்பிகள் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு பார்களை ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கொஞ்சக் காலத்திலேயே எடுப்பதற்குச் சிப்பி இல்லாமல் போனது.

கலைப்பீடத்தில் நெய்தல் திணையை ஒவ்வொரு வருடமும் படிக்கிற எங்களுக்கு இதில் ஒரு குறை இருக்கு. நெய்தல் பாடல்கள் பெரும்பாலும் கரையில் நிற்கின்றன. கழி, கானல், புன்னை, காத்திருக்கிற பெண், போன தோணி. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள்; அந்தக் கொம்புக்குப் பின்னால் ஒரு கடலடி அறிவு முழுதாக இருக்கு, பாட்டு அதுக்குள்ளே இறங்கவில்லை. இறங்கியவர்கள் பாட்டெழுதவில்லை, படம் வரையவும் இல்லை. அவர்களுக்கு அடி என்பது கூலி.

திருகோணமலைக்குத் திரும்பினால் 1956. ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலைக்குக் கீழே, கோணேசர் கோயிலுக்குச் செங்குத்தாகக் கீழே இருக்கிற கடலில் மூழ்கிப் படம் எடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் பாசி படிந்து கிடந்தன. அந்த அனுபவம் கிளார்க்கின் 1957ஆம் ஆண்டு நூலில் வந்தது. வில்சன் மேலே கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இலிங்கம் இன்றைக்கும் கோயிலில் இருக்கு. அதே வில்சன் 1962இல் இயக்கிய ‘ரன் முத்து தூவ’ சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். கடலடிக் காட்சிகளுக்காகவே சனம் போய்ப் பார்த்த படம்.

எங்களுக்கு இந்த இடத்தில் இரண்டு மாதிரியும் தோன்றுது. இடிந்த கோயில் கடலுக்குள் கிடக்குது என்ற நினைவு திருகோணமலைச் சனத்திடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. நினைவாக இருந்தவரை அது ஐதீகம். படம் வந்த பிறகு அது சான்று. கமரா அந்த வேலையைச் செய்தது, அதுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனா ஒரு ஊரின் சொல்லைச் சான்றாக்க வெளியூர்க் கமரா ஒன்று வந்துதான் ஆகவேண்டுமா என்றும் கேட்கத்தான் வருது.

அதுக்குப் பிறகு எங்கட கடலைப் படம் எடுக்க ஆள் இல்லாத காலம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ‘டுலிப்’ என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு வெளியே திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கரைக்கு மிகக் கிட்டவே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழமாக விழுவதால் அவை அங்கே கரையோரமாக வரும். பிறகு யுத்தம். இரவில் கடலுக்குப் போகத் தடை, இவ்வளவு தூரத்துக்கு மேல் போகத் தடை, பாஸ், உயர் பாதுகாப்பு வலயம். மீன் பிடிக்கவே விடாத கடலில் யார் கமராவோடு இறங்குவது? யுத்தம் முடிகிற காலத்தில் திமிங்கிலம் பார்க்கிற தொழில் தெற்கில், மிரிஸ்ஸவில் எழும்பிவிட்டது. எங்கள் வயது ஆட்களுக்குக் கடல் என்றதும் முதலில் வருகிற படம் 2004 டிசம்பர் 26 உடையது. முருகைக்கல் அதுக்குப் பிறகுதான். இப்போது புறாத்தீவில் முகமூடி போட்டு நீந்துகிற பெடியள் அந்த வரிசையை மெல்ல மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 1998 வெளிறலில் அந்தப் பக்கப் பாறைகள் தெற்கைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டன; பார்க்க இன்னும் மிச்சம் இருக்கு.

அந்தப் பெடியள் போடுகிற படங்களுக்குக் கீழே மீன்களின் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனா இந்த இடத்தில் மட்டக்களப்புக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். 1848 செப்டெம்பரில் எமர்சன் டெனன்ட், அப்போதைய குடியேற்றச் செயலாளர், மட்டக்களப்பு வாவியில் நிலா இரவில் வள்ளத்தில் போய் அந்தப் புகழ்பெற்ற சங்கீதத்தைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பது போன்ற நுண்ணிய ஒலிகள், வள்ளத்தின் பலகையில் காது வைத்தால் இன்னும் பலமாக. மீன் பாடுகிறது என்பது பின்னால் ஊருக்கே அடைமொழியானது. ஆனா அன்றைக்கு அவரிடம் மீனவர்கள் காட்டியது ஊரிகளை. டெனன்ட் அதன் தமிழ்ப் பெயர் என்று ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தார்: ‘ஊரி கூலூரூ கிராடூ’. பொருள், அழுகிற ஊரி என்றார்.

இந்தச் சொல்லை நாங்கள் சத்தமாக இரண்டு மூன்று தரம் வாசித்துப் பார்த்தோம். அது பெயரே இல்லை, ஒரு வசனம். ‘ஊரி குளறுகிறது.’ குளறுதல் என்றால் எங்கள் பேச்சில் வாய்விட்டு அழுவது; செத்தவீட்டில் கேட்கிற சொல். வள்ளக்காரர் ஒருவர் தண்ணீரைக் கைகாட்டி, இப்போது அங்கே என்ன நடக்குது என்று சொல்லியிருக்கிறார். கேட்ட துரை அதைப் பெயர்ச்சொல்லாக எழுதிக்கொண்டார். அச்சாகி, 1859 முதல் புத்தகத்தில் அப்படியே கிடக்குது. சொன்னவரின் பெயர் அதில் இல்லை. வசனம் மட்டும் இருக்கு, எழுத்துப்பிழையோடு, யாரும் வாசித்தால் இன்னும் விளங்குகிற மாதிரி.