இராசவள்ளிக் கிழங்கு: இன மேம்பாடு

இராசவள்ளிக் கிழங்கு (தியோஸ்கோரியா அலாட்டா) தென்கிழக்காசியப் பகுதியில் தோன்றி அயன மண்டலம் முழுதும் பரவிய கொடிப் பயிர். இதன் காட்டினம் அறியப்படவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில், நெல்லியடியை உள்ளிட்ட வடமராட்சியிலும், வீட்டு வளவுகளில் பந்தலிலோ மரத்திலோ படரவிடப்படுகிறது. அந்தோசயனின் நிறமியால் ஊதா நிறம் பெற்ற வகையே இங்கு விருப்பத்துக்குரியது. தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் களியாகக் கிண்டப்படுகிறது.

இப்பயிரில் கலப்பினமாக்கம் கடினம். ஆண், பெண் பூக்கள் தனித்தனிக் கொடிகளில் தோன்றும். பல வகைகள் பூப்பதே அரிது. பூத்தாலும் இரு பாலும் பெரும்பாலும் ஒரே காலத்தில் மலர்வதில்லை. அடிப்படை நிறமூர்த்த எண் 20. இருமடிய, மும்மடிய, நான்மடிய வகைகள் (40, 60, 80) உள்ளன. மும்மடியங்கள் பெரும்பாலும் மலடு. கிழங்குத் துண்டுகளாலேயே பயிர் பெருக்கப்படுவதால் வைரசு நோய்களும் தலைமுறைதோறும் தொடர்கின்றன. இலைகளைக் கருகச் செய்யும் அந்திராக்னோசு பூஞ்சை நோய்க்கு எதிர்ப்புத்திறன் தேடுவதே ஆய்வின் முதன்மை நோக்கம். விளைச்சலும் கிழங்கின் வடிவமும் அடுத்தவை.

திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா ஆகிய தேர்வு வகைகளையும், பின்னர் ஸ்ரீ ஷில்பா என்னும் கலப்பினத்தையும் வெளியிட்டது. நைஜீரியாவின் இபாடானில் 1967இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு அயனமண்டல வேளாண்மை நிறுவனம் ஆபிரிக்க வெள்ளை வள்ளியுடன் இவ்வினத்தையும் மேம்படுத்துகிறது. வெள்ளை வள்ளியின் மரபணுத்தொகுதி 2017இலும் இராசவள்ளியினது 2022இலும் வெளியாயின. பூக்கும்வரை காத்திராமல் நாற்றுப் பருவத்திலேயே மரபணுக் குறிப்பான்களால் கொடியின் பாலை அறிய இவை உதவுகின்றன. இலங்கையில் கண்ணொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையம் பயிர் வகைகளைப் பேணுகிறது.