சாந்தோமும் சிதறிய காலமும்

சாந்தோம் தேவாலயத்தின் முன் நின்று, இஃது எக்காலத்தது என வினவினால் ஒரே விடை கிட்டாது. நாம் காணும் கட்டடம் 1896இல் நிறைவுற்றது. அதற்குமுன் அங்கே நின்றது பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியர் ஆலயம். அதற்கும் முன்னர், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி உரைத்த மார்க்கோ போலோ, தோமாவின் அடக்கத்தலத்தை முஸ்லிம்களும் கண்ணியப்படுத்தி அவரை 'அவரியன்' என்றழைத்ததாகக் குறிக்கிறார். ஈஸா நபி (அலை) அவர்களின் சீடரைச் சுட்டும் 'ஹவாரீ' எனும் அரபுச் சொல்லின் திரிபே அதுவாகலாம் என்பர் ஆய்வாளர்.

ஒரே மண்ணில் இத்தனை காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்க, கதை மட்டும் ஏன் வரிசையில் நடக்கவேண்டும் என்பதே பின்நவீனத்துவ எழுத்தாளரின் வினா. எஸ். ராமகிருஷ்ணனின் 'யாமம்' நாவலை (2007) எடுத்துக்கொள்வோம். 1802இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து பெரும் நில அளவையைத் தொடங்கிய லாம்டனின் உலகம் அதில் ஒருபுறம். அத்தர் வணிகர் அப்துல் கரீமின் உலகம் மறுபுறம். கதைகள் ஓராற்றில் கலப்பதில்லை. இரவும் நறுமணமுமே அவற்றை இணைக்கின்றன.

இது மேனாட்டுக் குழப்பம் என நம்மவருள் சிலர் ஒதுக்குகின்றனர். ஓதியறிந்தோர் அவ்வாறு சொல்லலாமோ? குகைத் தோழர்கள் விழித்தபோது ஒருநாளோ அதிற் சிறிதோ துயின்றதாக எண்ணினர். திருமறையோ முந்நூறு ஆண்டுகள், மேலும் ஒன்பது என்கிறது. சூரியக் கணக்கில் 300, சந்திரக் கணக்கில் 309 என விரித்துரைத்த முஃபஸ்ஸிர்களும் உளர். ஒரு துயிலுக்கு மூன்று அளவுகள்! கதைக்குள் கதை பொதிந்த 'ஆயிரத்தோர் இரவுகள்' அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹேயை ஆட்கொண்டதும் உலகறிந்ததே.

ஆயினும் வரலாறும் ஒரு புனைவே, ஆண்டுக்கணக்கு பொருட்டன்று என இவர்களுள் சிலர் கூறும்போது நாம் விலகி நிற்கிறோம். ஹதீஸ் கலை வல்லார் அறிவிப்பாளரின் பிறப்பாண்டையும் இறப்பாண்டையும் ஒப்புநோக்கியே, ஒருவரையொருவர் சந்தித்திருக்கவியலாதார் பெயரால் வந்த பொய்களைக் களைந்தனர். நாவலாசிரியர் காலத்தைக் கலைக்கட்டும். அஃது அவர் உரிமை. மார்க்கோ போலோவின் குறிப்புக்குக் காலம் உறுதியாக இருப்பதனாலன்றோ, போர்த்துக்கீசியர் வருமுன்னரே முஸ்லிம்கள் இத்தலத்தை நாடி வந்தனர் என்று நம் பிள்ளைகளுக்குச் சான்றோடு சொல்ல முடிகிறது!