நம் தெருவும் நகராட்சி மன்றமும்: வார்டு தேர்தலுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மையவாடிக்குப் போகும் பாதையில் தெருவிளக்கு எரியவில்லை. ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்கிச் சென்றபோது செல்போன் வெளிச்சத்தில்தான் நடந்தோம். மறுநாளே ஜமாஅத் லெட்டர்பேடில் மனு எழுதி, பெரியவர்களின் கையெழுத்துடன் நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தோம். சில மாதங்கள் கழித்து, "அது நெடுஞ்சாலைத் துறையின் சாலை" என்று பதில் வந்தது. அங்கே போய்க் கேட்டால், "சாலைதான் எங்களுடையது, விளக்கு போடுவது உள்ளாட்சி வேலை" என்றார்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் அலைந்து ஓய்ந்த பிறகுதான் ஒரு பெரியவர் சொன்னார்: "மனுவாகவே சுத்திக்கிட்டு இருந்தா இப்படித்தான். மன்றத்துல தீர்மானமா ஏறணும்." வார்டு கவுன்சிலரைப் பார்த்துப் பேசி, அது கூட்டப்பொருளில் இடம் பெற்று, மதிப்பீடு தயாரானது. அதன் பிறகே விளக்கு வந்தது.

மனுவுக்கும் தீர்மானத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. சட்டமன்றத் தேர்தல் என்றால் மாதக்கணக்கில் பேசுகிறோம். நம் வீட்டு வாசலில் உள்ள சாக்கடையைத் தீர்மானிக்கும் மன்றத்துக்கு யாரை அனுப்புகிறோம், அவர் அங்கே போய் என்ன செய்கிறார் என்பதைக் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டின் நகர்ப்புற மன்றங்களுக்கு 2022 மார்ச் 2ஆம் தேதி உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். பதவிக்காலம் 5 ஆண்டுகள். அடுத்த தேர்தலுக்கு யாராவது கதவைத் தட்டுவதற்கு முன், இந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆளில்லாமல் போன ஆண்டுகள்

2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது அறிவிக்கப்பட்டிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்துக்கொண்டே போய், 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நகர்ப்புறங்களில் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட 5 ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். கவுன்சிலர் என்று ஒருவர் இல்லாததால் தெருவில் நின்று கேள்வி கேட்கவும் ஆள் கிடையாது. கொரோனா காலத்தையும் நம் நகரங்கள் இப்படித்தான் கடந்தன.

கிராமங்களிலும் இதே கதை திரும்பியது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. உடனே தேர்தல் நடக்கவில்லை, மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். 5 ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது திருத்தங்கள் அதற்காகத்தான் கொண்டுவரப்பட்டன. இருந்தும் இந்த நிலை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவதில் பெரிய தயக்கம் இருப்பதாகத் தெரியவில்லை என்பது நம் கருத்து.

நமக்கு இருப்பது ஒரே ஓட்டு

2022இல் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் என்ற மூன்று அடுக்குகளிலும் சேர்த்து 12,838 வார்டு பதவிகள் இருந்தன. இவற்றில் நாம் போடுவது ஒரு ஓட்டுதான், அது வார்டு உறுப்பினருக்கு. மேயரையும் நகராட்சித் தலைவரையும் பேரூராட்சித் தலைவரையும் அந்த உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2011இல் மேயருக்கு மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். இப்போது அப்படி இல்லை. ஆகவே, "வார்டுக்கு நம்ம ஆள், தலைவருக்கு அந்தக் கட்சி" என்று பிரித்துப் போடும் வாய்ப்பு கிடையாது. நீங்கள் வார்டுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அவரே தலைவர் தேர்தலில் உங்கள் சார்பில் வாக்களிப்பவர். எனவே, "தலைவர் தேர்தலில் யாரை ஆதரிப்பீர்கள்?" என்று வேட்பாளரிடம், குறிப்பாகச் சுயேச்சை வேட்பாளரிடம், முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை.

கிராமத்தில் வேறு முறை. அங்கே ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு ஓட்டுகள். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் இல்லை.

2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. நம் மஹல்லாக்களிலிருந்தும் பெண்கள் கவுன்சிலராகப் போயிருக்கிறார்கள். ஆனால் போஸ்டரில் அவருடைய படத்தைவிடக் கணவரின் படம் பெரிதாக இருப்பதையும், மனுவைக் கணவரே வாங்கிக்கொள்வதையும் பார்க்கிறோம். மன்றத்துக்குள் கணவர் உட்கார முடியாது. விவாதத்தில் பேச வேண்டியதும் வாக்களிக்க வேண்டியதும் அந்தச் சகோதரிதான். அவரை வேட்பாளராக நிறுத்தும் ஜமாஅத்தினர், அவருக்குக் கூட்டப்பொருளைப் படித்துக் கேள்வி கேட்கப் பயிற்சி கிடைக்கவும் வழி செய்ய வேண்டும்.

எந்த வேலை யாருடையது

பாதி மனுக்கள் வீணாவது இங்கேதான். தெருச்சாலை, மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, பிறப்பு இறப்புப் பதிவு, ஆட்டிறைச்சிக் கூடம், பொது அடக்கஸ்தலம் ஆகியவை உள்ளாட்சி சம்பந்தப்பட்டவை. அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணையில் உள்ள 18 பொருள்களில் இவை வருகின்றன. மின்கம்பமும் டிரான்ஸ்பார்மரும் மின்வாரியத்துடையவை. ரேஷன் கடையும் போலீஸும் மாநில அரசுத் துறைகள். ஊருக்குள் ஓடும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடம் இல்லை, சென்னைக் குடிநீர் வாரியத்திடம் இருக்கின்றன. மற்ற ஊர்களில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை அமைப்பது குடிநீர் வடிகால் வாரியம், தெருக்குழாயில் தண்ணீர் விடுவது உள்ளாட்சி. தண்ணீர் வரவில்லை என்றால் ஊருக்கே வரவில்லையா, நம் தெருவுக்கு மட்டும் வரவில்லையா என்று முதலில் பார்த்தாலே எங்கே போக வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

மையவாடி விஷயத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. இடம் வக்ஃபு சொத்தாக இருந்தால் அதன் நிர்வாகம் முத்தவல்லியிடமும் வக்ஃபு வாரியத்தின் மேற்பார்வையிலும் இருக்கும். ஆனால் அதற்குப் போகும் பொதுப்பாதையும் விளக்கும் வடிகாலும் உள்ளாட்சியின் பொறுப்புகள். "அது உங்கள் வக்ஃபு இடம்" என்று சொல்லித் தட்டிக்கழித்தால், பாதை யாருடையது என்பதை நில அளவை வரைபடத்தைக் காட்டிக் கேட்கலாம்.

இதே இடத்தில் ஒரு சிறு நினைவூட்டல். பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் உள்ளாட்சியில் பதிவு செய்துவிட வேண்டும். பள்ளிவாசல் மையவாடிப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது என்று இருந்துவிடுகிறோம், பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு நீதிமன்றம் வரை அலைகிறோம். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரமே பிறப்புச் சான்றிதழ்தான். பெயரின் எழுத்துகளைப் பதிவின்போதே சரிபாருங்கள்.

மன்றத்துக்குள் நடப்பது

கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களுக்குக் கூட்டப்பொருள் அனுப்பப்படும். ஒவ்வொரு பொருளும் அதிகாரிகளின் குறிப்போடு, "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்" என்று முடியும். சாலை போடுவது, டெண்டரை ஏற்பது, கடைகளை ஏலம் விடுவது, கட்டணத்தை உயர்த்துவது எல்லாம் இந்த வரிசையில் வருகின்றன. சில வேலைகள் முடிந்தே போயிருக்கும், பின்னேற்புக்காக மட்டும் மன்றத்துக்கு வரும். பல கூட்டங்களில் ஐம்பது அறுபது பொருள்கள் ஒரே மூச்சில் நிறைவேறிவிடுகின்றன. நம் கவுன்சிலர் அதில் ஒன்றிலாவது எழுந்து பேசினாரா என்பதுதான் கேள்வி. கல்யாண வீட்டுக்கும் மௌத் வீட்டுக்கும் தவறாமல் வருகிறார் என்பதை வைத்து மதிப்பெண் போடுகிறோம். அது நல்ல பண்புதான். ஆனால் அவரை அதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை.

மன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. அதற்குச் சரியான உதாரணம் 2022இன் சொத்து வரி. பிப்ரவரியில் ஓட்டுப் போட்டோம், மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள், ஏப்ரல் தொடக்கத்தில் வரி உயர்வு அறிவிப்பு வந்தது. பெரும்பாலான ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50 சதவீதம், 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் இன்னும் அதிகம். ஒன்றியத்தின் 15ஆவது நிதிக்குழு மானியத்தைப் பெற வரியைத் திருத்தியாக வேண்டும் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. முடிவு மேலே எடுக்கப்பட்டது. புதிதாக வந்த மன்றங்கள் தீர்மானம் போட்டன. பிரச்சாரத்தின்போது எந்த வேட்பாளரிடமும் வரியைப் பற்றி நம் தெருவில் யாரும் கேட்டதாக நினைவில்லை. சாக்கடை, விளக்கு, ரேஷன் கார்டு, இவற்றைத்தான் கேட்டோம். இவற்றில் ரேஷன் கார்டு கவுன்சிலரின் வேலையே அல்ல.

பிரச்சார நாட்களில்

வேட்பாளர் வீட்டுக்கு வரும்போது டீ கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், வார்டின் இரண்டு மூன்று வேலைகளைக் குறிப்பாகச் சொல்லி எழுதி வாங்குவது நல்லது. "ஊரைச் சிங்கப்பூர் ஆக்குவேன்" என்பதை நாளை யாரும் சரிபார்க்க முடியாது. "மதரஸா தெரு முனையில் உள்ள வடிகாலைப் பெரிய கால்வாயோடு இணைக்கத் தீர்மானம் கொண்டுவருவேன்" என்பதைச் சரிபார்க்கலாம். பணம் எங்கிருந்து வரும் என்றும் கேளுங்கள். மாநகராட்சியின் பொதுநிதி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி, மாநில அரசுத் திட்டம் என்று வழிகள் பல. 'நமக்கு நாமே' திட்டத்தில் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சகோதரர்கள் நன்கொடை தர முன்வரும்போது, முழுச் செலவையும் நாமே போட்டுத் தெரு வேலை செய்வதைவிட இந்த வழியை யோசிக்கலாம். வேலையின் பொறுப்பும் பராமரிப்பும் உள்ளாட்சியிடம் போகும்.

பள்ளிவாசலைப் பிரச்சார மேடையாக்கக் கூடாது. தேர்தல் நடத்தை விதிகளே மசூதி, கோயில், தேவாலயம் எதையும் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. ஜமாஅத் கூடி ஒரு பொது வேட்பாளரை முன்மொழிவது பல ஊர்களில் வழக்கம். போட்டி பிளவாக மாறாமல் இருக்க அது உதவியிருக்கிறது. ஆனால் வேறொருவர் நிற்க விரும்பினால் ஊர்விலக்கு, சந்தா மறுப்பு என்று போவது சட்டப்படியும் குற்றம், நியாயமும் இல்லை. வார்டில் நம்மோடு வாழும் மற்ற சமுதாயத்தாரிடம் அந்த வேட்பாளர் போய்ப் பேசியிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். அவர்கள் தெருவில் தேங்கும் தண்ணீர்தான் நம் தெருவுக்கும் வருகிறது.

பணம் வாங்குவதைப் பற்றி ஒரே வரி: கொடுப்பவரைப் போலவே வாங்குபவரும் குற்றவாளி, ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

வாக்குச்சாவடியில் நம் பெண்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 2022 தேர்தலில் மதுரை மாவட்டம் மேலூரில், ஹிஜாப் அணிந்து ஓட்டுப் போட வந்த பெண்ணை ஒரு கட்சியின் முகவர் எதிர்த்தார். மற்றக் கட்சி முகவர்களும் அதிகாரிகளும் அதை ஏற்கவில்லை. அந்த முகவர் வெளியேற்றப்பட்டார், வாக்குப்பதிவு தொடர்ந்தது. அடையாளத்தைச் சரிபார்க்க முகம் காட்டும்படி அதிகாரி கேட்கலாம். பெண் அலுவலர் முன் காட்டுவதாகச் சொல்லலாம். உடையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

தேர்தலுக்குப் பிறகு

2022 நவம்பர் 1ஆம் தேதி முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கப்பட்டன. கிராமசபை போல, வார்டின் பகுதி மக்கள் கவுன்சிலர் முன் உட்கார்ந்து பேசலாம். நம்மவர்கள் அங்கே அதிகம் போவதில்லை. கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே நம் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

மனு கொடுத்தால் ரசீது கேளுங்கள். சென்னையில் 1913, மாநிலம் முழுவதும் முதல்வர் உதவி மையத்தின் 1100, திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் ஆகியவை உண்டு. எங்கும் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாட்களில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும். "இன்ன தெரு வடிகால் பணிக்கான மதிப்பீட்டின் நகல், மன்றத் தீர்மானத்தின் எண், தேதி, ஒப்பந்ததாரருக்கு வழங்கிய பணியாணையின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

வார்டு எல்லையையும் மறந்துவிடக் கூடாது. 2017 டிசம்பரில் மறுவரையறை வரைவு வெளியானபோது ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பு தரப்பட்டது. ஒரே தெரு இரண்டு வார்டாகப் பிரிந்தபோது சத்தம் போட்டவர்கள் பலர். எழுத்தில் கொடுத்தவர்கள் மிகச் சிலர். அடுத்த மறுவரையறை வரும்போது தெருப் பெயர், கதவு எண், வாக்காளர் எண்ணிக்கையோடு ஜமாஅத்திடம் ஒரு கோப்பு தயாராக இருக்க வேண்டும்.

உள்ளாட்சி வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே தயாராகிறது. திருமணமாகி வேறு ஊர் போன மகள், வாடகை வீடு மாறிய குடும்பம் என்றால் படிவம் 8. 18 வயது நிறைந்தவர்களுக்குப் படிவம் 6. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். கணவர் துபாயிலோ சவூதியிலோ இருக்கும் வீடுகளில் இதை யாரும் கவனிப்பதில்லை. பட்டியலை எடுத்து வீட்டிலுள்ள எல்லோர் பெயரும், எந்த வார்டில், எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.